அளவெடுக்காமல் வாங்கிய பெட்டி

மடிப்பு மாஸ்டருக்குக் கோபம் வரப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. நூல் சிக்கினால் வரும். கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் வரும். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம் பார்த்துச் சீருடையின் நிறத்தை மாற்றுகிற தலைமையாசிரியர்களை நினைத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும். ஆனால் இங்கே சொல்லப்போகிற கோபம் அந்த ரகமில்லை. இது நியாயமான கோபம். அதைக் கொண்டுபோய் யார் தலையில் கொட்டுவது என்பதில்தான் மனிதர் கொஞ்சம் தடுமாறிப்போனார்.

அவர் தைப்பது பள்ளிக்கூடச் சீருடை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, நாலு தையல் மிஷினும் ஒரு வெட்டு மேஜையும் போட்டபின் மூச்சுவிட இடமில்லாத கடை. கால்சட்டையின் அடியில் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். தோளில் ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு மடிப்பு, பாவாடையின் கீழ்ப்பக்கம் இரண்டு. பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டால் போதும், துணியும் கூடவே வளரும். "இன்னைக்கு வந்து நிக்கிற பிள்ளைக்கு நான் தைக்கல. மூணு வருஷம் கழிச்சு வரப்போற பிள்ளைக்குத் தைக்கிறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்படி வந்ததுதான் மடிப்பு மாஸ்டர் என்ற பட்டப்பெயர். அதில் அவருக்கு வருத்தமில்லை. பெருமைதான்.

வெட்டுவதும் தைப்பதும் அவர் என்றால், அளவெடுப்பது அவர் மனைவி. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு கடை வாசலிலேயே நிற்பாள். அவளைத் தாண்டி ஒரு பிள்ளையும் உள்ளே போனதில்லை. "போன வருஷ அளவுதான், ரெண்டு விரல் சேர்த்துக்கோங்க" என்று எந்த அம்மா சொன்னாலும் எடுபடாது. "எங்க இறுக்குது? அக்குள்ளயா, கழுத்துலயா?" என்று குனிந்து பிள்ளையிடம் கேட்பாள். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்ல வருவாள். "நீங்க சும்மா இருங்க. நான் பிள்ளையைக் கேக்குறேன்" என்பாள். மாஸ்டர் யாரிடமாவது எகிறிக் குதிக்கும்போதும் அதே வார்த்தைதான். "நீங்க சும்மா இருங்க." அதோடு அவர் வாய் மூடிக்கொள்ளும். வேறு யார் சொல்லியும் மூடாத வாய் அது.

அந்தப் பேச்சு ஒரு நாள் நின்றுபோனது. பக்கவாதம். வலது கை துவண்டது, வாய் கோணியது. கோணல் மெல்ல நேரானது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எதிராளி சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. அறிவு முழுசாக உள்ளே இருந்தது. வார்த்தையை வெளியே கொண்டுவரும் வழிதான் அடைத்துக்கிடந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒருத்தி இருந்தாள். வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னாள். வீட்டில் தினமும் செய்வதற்குத் தானே பேசிப் பதிவு செய்த பாடம் ஒன்றைக் கொடுத்தாள். திரை முழுக்க டீச்சரின் உதடுகள் தெரியும். முதலில் ஒலிகள். பிறகு வார்த்தைகள். கடைசியில் வாக்கியங்கள். படி தாண்டக் கூடாது, அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். பயிற்சிக்கு இடம் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. கோடை முடிந்ததும் பெரிய டாக்டர் எல்லோரையும் பார்ப்பார். முன்னேற்றம் இருப்பவர்களை வைத்துக்கொள்வார், இல்லாதவர்கள் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்.

"அதுக்குள்ள ஒரு வாக்கியமாவது சொந்தமா வரணும்" என்றாள் டீச்சர்.

கைப்பேசியின் சின்னத் திரையில் உதடு அசைவது மனைவிக்குப் பிடிபடவில்லை. இடது விரலால் அதைத் தட்டவும் வரவில்லை. அப்போதுதான் அவள் தம்பி யோசனை சொன்னான். மாஸ்டருக்கு மைத்துனன். ஏதோ ஓர் அலுவலகத்தில் போனில் வருகிற புகார்களுக்குப் பதில் சொல்கிற வேலை. உலகத்தில் அவனுக்குத் தெரியாதது இரண்டே இரண்டு. ஒன்று, தனக்கு என்ன தெரியாது என்பது. இன்னொன்று, எப்போது வாயை மூட வேண்டும் என்பது.

"டிவியோட ஒரு சின்ன கம்ப்யூட்டர் சேர்த்துடலாம் மாமா. மதியம் அக்கா தூங்கி எழுந்ததும் பாடம் தானா ஓடும். பழைய பாட்டு, கல்யாண வீடியோ எல்லாம் அதுலயே போட்டுக்கலாம். நடுவுல நிறுத்தணும்னா கீபோர்டுல இருக்குற நீளப் பட்டனை ஒரு அமுக்கு, அவ்வளவுதான்."

யோசனை நல்ல யோசனை. அதில் குறை சொல்ல முடியாது. குறை எல்லாம் கடைக்குப் போன பிறகு வந்தது.

கம்ப்யூட்டர் கடையில் கவுண்டரில் இருந்தது ஓர் இளம்பெண். உள்ளே வைக்க வேண்டிய சின்ன போர்டையும் மற்றதையும் எடுத்து வைத்தாள். பாக்கி இருந்தது பவர் சப்ளை. சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி உள்ளே கொடுக்கிற பாகம். "எதுக்குப் பயன்படுத்தப் போறீங்க? எவ்வளவு நேரம் ஓடும்? வீட்டுல கரண்ட் எப்படி?" என்று கேட்டபடி ஒரு குட்டி அடாப்டரை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவர் போட்டிருந்தது வேலைச் சட்டை. முழங்கையில் சாக்கட்டித் தூள், தோளில் நூல். ஆளைப் பார்த்து எடை போடுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

"இதைவிடப் பெரிசு இல்லையா?"

"இருக்கு சார். ஆனா உங்களுக்கு எவ்வளவு வேணும்னு ஒரு கணக்குப் பார்த்து…"

"கணக்கும் வேணாம், அளவும் வேணாம். இருக்கறதுலயே பெரிசா குடுங்க. நாளைக்குத் தேவைப்படும்."

"அதான் மாமா சரி" என்று மைத்துனன் எடுத்துக் கொடுத்தான். "பின்னாடி பெரிய கார்டெல்லாம் போட்டா சின்னது தாங்காது."

என்ன கார்டு, எதற்கு, யார் போடப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுநூற்றைம்பது வாட் பவர் சப்ளை ஒன்று வீட்டுக்கு வந்தது. செங்கல் கனம். பெட்டிமேல் பொன் நிறத்தில் ஒரு முத்திரை. அது போதாதென்று அதைப் பொருத்த கேபினெட் என்று ஒரு பெரிய இரும்புக் கூண்டும் வாங்க வேண்டியதாயிற்று. டிவி மேஜையில் அது உட்கார்ந்தபோது டிவியே அதன் தயவில் நிற்பதுபோல் இருந்தது. மாஸ்டர் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஏழு மடிப்பு வைத்துத் தைத்த கால்சட்டையைப் பார்க்கிற திருப்தி.

பாடம் தொடங்கியது. முதல் வாரத்திலேயே "அ", "ம" எல்லாம் வந்தன. அடுத்து "வா", "போ", "கை", "வீடு". மாஸ்டர் கடையில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். அந்த வேகத்தில் போனால் கோடை முடிவதற்குள் அவள் தன்னைத் திட்டவே ஆரம்பித்துவிடுவாள் என்று நம்பினார்.

கோடை வந்தது. முறை வைத்து மின்சாரத்தை நிறுத்த ஆரம்பித்தார்கள். அவர்கள் தெருவுக்கு விழுந்த முறை மதியம். வீட்டில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் இருந்தது. ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் என்று எப்போதோ வாங்கியது. அதன் பேட்டரிக்கும் வயசாகிவிட்டது. ஆனால் கரண்ட் போனாலும் டிவி அணையாமல் ஓடியதை ஒரு விடுமுறை நாளில் மாஸ்டர் தன் கண்ணால் பார்த்தார். சரி, பிரச்சினை இல்லை என்று அதை மறந்துவிட்டார்.

மனைவியின் பேச்சு "வீடு", "கை", "தண்ணீர்" என்ற இடத்தில் நின்றது. ஒரு மாதம் போனது. இன்னும் அதே இடம். ஒலி சுத்தமாக வந்தது, வார்த்தை வந்தது, இரண்டு வார்த்தையைச் சேர்க்கச் சொன்னால் உதடு நடுங்கி நின்றுவிடும்.

ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மதியத்தில் எட்டிப் பார்த்துக்கொள்கிற மாடிவீட்டு அக்கா, "பாடம் தினமும் முடிஞ்சுதான் போகுது. நான் வந்து பார்க்கும்போது டிவி அணைஞ்சிருக்கும். பாவம், அவங்கதான் அப்படியே உட்கார்ந்திருப்பாங்க" என்றாள். மைத்துனன், "அக்காவுக்கு இதுல மனசே இல்ல மாமா. பெட்டியைப் போட்டு அடிக்கிறாங்க, நானே பார்த்தேன்" என்றான். அடித்தது உண்மைதான். மாஸ்டர் சாயங்காலம் வீடு திரும்பியதும் அவள் அவர் கையைப் பிடித்து இழுப்பாள், இடது கையால் அந்தக் கூண்டின் தலையில் ஓங்கித் தட்டுவாள், "ம்… ம்…" என்பாள். அவரோ, "கோபப்படாதேம்மா, மெதுவா வரும்" என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவார்.

டாக்டர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். இடையில் ஒரு முறை பார்த்தவர், ஃபைலிலிருந்து முகத்தை எடுக்காமல், "சில பேருக்கு ஒரு கட்டத்தோட நின்னுடும். இதுக்கு மேல ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார். மாஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்து நாற்காலியில் அவள் காதோடு கண்ணோடு முழு மனுஷியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு மனுஷிக்கு எதிரிலேயே அவளுக்கு இனி பேச்சு இல்லை என்று சொல்கிறோமே, அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று அந்தப் படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. வீடு வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

பொத்தான் மூட்டை ஒன்றை வீட்டில் விட்டுவிட்டதால்தான் மாஸ்டர் அந்த மதியம் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வரும்போதே உள்ளே கீச், கீச் என்று ஒரு சத்தம். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நடையில் இருந்த இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அதுவும் ஓய்ந்துவிட்டது.

கூடத்தில் மனைவி நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். எதிரே டிவி கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தண்ணீர்… தண்ணீர்… தண்ணீர்…"

அடுத்து வர வேண்டியது வரும் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தையையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் பொத்தானை மறந்தார். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"பாதியில நின்னுடுச்சா?"

அவள் தலையை ஆட்டினாள். பிறகு இடது கையை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள், காலண்டரைக் காட்டினாள், கூண்டைத் தட்டினாள்.

"தினமுமா?"

தலை ஆடியது.

"எப்பவும் இதே இடத்துலயா? வாக்கியம் வந்ததே இல்லையா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டி ஆட்டி, ஆட்டுவதை நிறுத்த முடியாமல் அழுதாள். இத்தனை மாதத்தில் அவர் அவளிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்விகள் அவை.

கரண்ட் திரும்பினாலும் பெட்டி மறுநாள்தான் தானாகப் பாடத்தைத் தொடங்கும். அதுவும் முதலிலிருந்து, "அ" என்று. இந்தக் கோடையில் தினமும் அவளை ஏணியின் பாதிவரை ஏற்றி ஏற்றிக் கீழே தள்ளியிருக்கிறது. அவள் ஏறவில்லை, இனி ஏறவும் மாட்டாள் என்று மேலே நின்றுகொண்டு டாக்டர் எழுதிக்கொள்கிறார். மனசில்லை என்கிறான் தம்பி. பாடம் முடிந்துவிட்டது என்கிறாள் மாடிவீட்டுக்காரி. புருஷன் என்று ஒருத்தன், மெதுவா வரும்மா என்று தடவிக்கொடுத்துவிட்டுச் சோப்புப் போடப் போயிருக்கிறான். நினைக்க நினைக்க மாஸ்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊமை கண்ட கனவு என்று பழமொழி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் கனவு என்னவென்று குனிந்து கேட்க ஒரு நாதியில்லை.

நேரத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று யோசித்தார். காலையில் கைகால் பயிற்சிக்கு ஆள் வருவார், அவர் போனதும் அவள் கசக்கிப் பிழிந்த துணியாகிவிடுவாள். சாயங்காலம் ஆனால் நாக்கு தடித்துவிடும். மதியத் தூக்கம் கலைந்த அந்த ஒரு வேளைதான் நாக்கு அவள் சொன்னபடி கேட்டது.

மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பேட்டரி பத்தல மாமா. பெரிய பேட்டரியா மாத்திடுவோம். இருக்கறதுலயே பெரிசு."

"அந்தப் பெட்டி என்னத்தைக் குடிக்குதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"எழுநூத்தம்பது வாட் மாமா, அதுலயே எழுதியிருக்கே."

"அது தின்னக்கூடிய அளவுடா. தின்கிற அளவு எவ்வளவு?"

யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாக, பெரிய பெட்டிக்குப் பெரிய பேட்டரி, அதற்கு இன்னும் பெரிய இன்வெர்ட்டர் என்று போய்க்கொண்டே இருக்கும் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. போனை வைத்தார். கூண்டோடு பெட்டியைக் கழற்றி ஒரு சீருடைத் துணியில் மூட்டை கட்டினார். கடைக்காரியை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினார்.

கவுண்டரில் அதே பெண். மூட்டையை அவள் முன்னால் இறக்கினார்.

"என்ன சாமான் இது? என் பொண்டாட்டி பேச்சையே நிறுத்திடுச்சு. உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? தலையில கட்டி அனுப்பினா போதும்னு நினைச்சீங்களா?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதறவில்லை. மூட்டைத் துணியைப் பிரித்து, உள்ளே இருந்ததைப் பார்த்து, அவரையும் பார்த்தாள்.

"சார், நான் சின்னதைத்தான் எடுத்துக் காட்டினேன். எவ்வளவு வேணும்னு கேட்டேன். கணக்கும் வேணாம், அளவும் வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க."

அளவு வேண்டாம் என்று ஒரு தையல்காரன் சொல்லியிருக்கிறான். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவளின் புருஷன் சொல்லியிருக்கிறான். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் இதுதான். ஆனால் வேலைக் கொண்டுவந்தவர் அவரேதான்.

"என்ன ஆச்சு, முழுசா சொல்லுங்க" என்றாள் அவள். அவர் சொன்னார். பாடம், பேட்டரி, தண்ணீர் தண்ணீர் என்று மனைவி உட்கார்ந்திருந்தது, எல்லாம். கேட்டுக்கொண்டே கடைப்பெண் மூட்டைத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க மடிப்பு மாஸ்டரா? இந்த நீலம் எங்க ஸ்கூல் நீலம். எனக்கு உங்க கடையிலதான் தைச்சாங்க."

"அப்படியா."

"கோவிச்சுக்காதீங்க. ஒரு வருஷம்கூட அந்த யூனிஃபார்ம் எனக்குச் சரியா இருந்ததில்ல. தைக்கும்போது தொளதொளன்னு இருக்கும். சரியா வர்றப்போ முழங்கையில கிழிஞ்சிருக்கும். உங்க கடை அக்கா மட்டும்தான் குனிஞ்சு என்னைக் கேட்டாங்க. நடக்கும்போது தடுக்குதாம்மான்னு. அவங்க சொல்லித்தான் நீங்க ஒரு மடிப்பைக் குறைச்சீங்க."

மாஸ்டருக்கு முகம் சிவந்தது.

அவள் உள்ளேயிருந்து சுவர் பிளக்கில் சொருகுகிற ஒரு மீட்டரைக் கொண்டுவந்தாள். பெட்டியை அதில் மாட்டி, பாடத்தை ஓடவிட்டாள். மீட்டர் ஐம்பதைத் தாண்டி நின்றது. பிறகு அதே போர்டைக் கழற்றி, அன்றைக்குக் காட்டிய குட்டி அடாப்டரில் மாட்டினாள். அதே பாடம், அதே உதடுகள். மீட்டர் முப்பதைக்கூடத் தொடவில்லை.

"மீதி எங்க போச்சு?" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துப் பெரிய பவர் சப்ளையின் முதுகில் வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

"சூடாப் போச்சு. பெரிசுன்னா தப்பில்ல மாஸ்டர். அதுக்கேத்த வேலை குடுத்தா ஒழுங்கா உழைக்கும். உங்க கம்ப்யூட்டர் கேக்கறது அதுல துளியூண்டு. தீப்பெட்டி வாங்க பஸ்ஸை எடுத்துட்டுப் போற மாதிரி. காலி பஸ்ஸா இருந்தாலும் எண்ணெய் குடிக்கத்தானே செய்யும்?"

"தங்க முத்திரை போட்டிருக்கே. கரண்டை மிச்சம் பிடிக்கும்னுதானே அர்த்தம்?"

"அந்த முத்திரை குடுக்கற சோதனையில அதோட சக்தியில அஞ்சுல ஒரு பங்காவது இழுக்க வெச்சுத்தான் பார்ப்பாங்க. நீங்க இழுக்கறது அந்தப் பங்கு பக்கத்துலயே வராது. அங்க அந்த முத்திரைக்கு ஒரு பேச்சும் கிடையாது."

மாஸ்டர் கையை எடுக்காமல் நின்றார். உள்ளங்கையில் ஏறிய அந்தச் சூடு என்னவென்று அவருக்கு இப்போது தெரிந்தது. மனைவி சொல்லியிருக்க வேண்டிய வாக்கியங்கள். தினமும் மதியம் ஒரு கைப்பிடி வாக்கியத்தை இந்தப் பெட்டி காய்ச்சிக் காற்றில் விட்டிருக்கிறது. அவர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.

"அப்போ எனக்கு எது சரியா வரும்?" என்று கேட்டார். முதல் தடவை கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கடைப்பெண் அளந்தாள். பெட்டி கண்விழிக்கும் நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது, பாடம் ஓடும்போது எவ்வளவு, சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று ஒவ்வொன்றாக மீட்டரைப் பார்த்துச் சொன்னாள். அவர் பழக்கதோஷத்தில் சாக்கட்டியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

"கொஞ்சம் இடம் விட வேண்டாமா?"

"விடணும். எழுந்திரிக்கும்போது ஒரு இழுப்பு இழுக்கும், அதுக்கு வேணும். ஒரு மடிப்பு போதும் மாஸ்டர். ஏழு வேணாம்."

ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுத்தாள். விசிறி இல்லை, சத்தம் இல்லை, முத்திரை இல்லை. விரலுக்குத் தக்க வீக்கம். பெரிய கூண்டும் போய், புத்தக அளவில் ஒரு கூடு வந்தது. பழைய பவர் சப்ளையைக் கடையிலேயே விட்டுவிட்டார். அதற்கு ஏற்ற வேலை வைத்திருக்கிற யாராவது வாங்கிப் போகட்டும்.

மறுநாள் மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். கரண்ட் போனது. விசிறியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தார். ஒலிகள் போயின, வார்த்தைகள் போயின. "தண்ணீர்" வந்தது. அவள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாள். இன்வெர்ட்டர் கத்தவில்லை. திரையில் டீச்சரின் உதடுகள் ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாகத் திறந்தன.

"பூனை… பாலைக்… குடித்தது."

மனைவி திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்கிற பார்வை. அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

மைத்துனன் வந்து பார்த்தான். "இவ்வளவு சின்னதா? பின்னாடி கார்டு போட்டா?" என்று ஆரம்பித்தான். மாஸ்டர் அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு மதியம் முழுக்க அக்காவோடு பாடம் கேட்க வைத்தார். எழுந்து போகும்போது அவன் கண் கலங்கியிருந்தது. கார்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

ஆனால் நேரம் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. கோடையின் பெரும்பகுதியை அந்த யானை தின்றுவிட்டது. வாக்கியம் எட்டும் தூரத்தில் வந்ததே தவிர வாயில் ஏறவில்லை. "பூனை… பால்" என்பாள், அதோடு நிற்பாள். சில நாள் "குடி" என்று வால் ஒன்று வரும். ஒட்டாது. டாக்டரைப் பார்க்கப் போகிற காலையில்கூட அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் மாஸ்டர் கேட்டதில்லை.

அதனால் அவர் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போனார். பேட்டரியைப் பற்றி, பவர் சப்ளையைப் பற்றி, படிக்காத பாடத்தில் பரீட்சை வைப்பது எந்த ஊர் நியாயம் என்று, தவறு தன்னுடையது, தண்டனை அவளுக்கா என்று. வழி முழுக்க முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். டாக்டர் மறுத்தால் மேஜையைத் தட்டுவது என்றும் முடிவு செய்திருந்தார்.

டாக்டர் ஃபைலைத் திறந்தார். பயிற்சி டீச்சர் சுவரோரம் நின்றாள். அவள் முகத்தில் நம்பிக்கை அதிகம் இல்லை.

"வார்த்தைகள் வருது. வாக்கியம் இல்ல" என்று டாக்டர் பழைய பக்கத்திலிருந்து படித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். தலையை நிமிர்த்தாமல் மாஸ்டரிடம் கேட்டார். "வீட்டுல எப்படி இருக்காங்க? ஏதாவது மாற்றம் தெரியுதா? சொல்றது புரியுதா அவங்களுக்கு?"

மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. நாற்காலியின் நுனிக்கு வந்தார். தயார் செய்த பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது.

"டாக்டர், நான் சொல்றேன், கேளுங்க. அந்தப் பெட்டி…"

அவர் முழங்கையில் ஒரு கை விழுந்தது. இடது கை. அளவெடுக்கும்போது பிள்ளைகளை அசையாமல் நிறுத்துகிற அதே பிடி.

"நீங்க… சும்மா… இருங்க."

டீச்சர் சுவரிலிருந்து விலகி நிமிர்ந்தாள். மனைவி இன்னும் முடிக்கவில்லை. மெல்ல டாக்டர் பக்கம் திரும்பினாள். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு நடுங்கியது, இந்த முறை நடுக்கத்தைத் தாண்டி வந்தது.

"என்னைக்… கேளுங்க."

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. டாக்டர் முதல் முறையாக ஃபைலை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப்போட்டு, அவள் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

மாஸ்டரிடம் இன்னும் பேச்சு பாக்கி இருந்தது, தட்டாத மேஜையும் எதிரில் இருந்தது. ஆனால் அவர் சும்மா இருந்தார்.